அட்னானின் கடைசி நாளை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செமினி, காஜாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் பணிவான வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தோட்டத்து லயத்தில் பிறந்து, விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு அடிக்கும் பெரட்டு மணி கேட்டுக் கண்விழித்து வளர்ந்து, இப்போது செமினியில் குடியிருக்கிறேன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சிலர் என்னுடன் பணியாற்றியவர்கள். அந்த உரிமையில்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்டு மாதம் நம் வட்டாரத்தில் நடந்த சுதந்திர மாதப் பேச்சுப்போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். மேடையேறிய பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர், 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டு மடிந்த மலாய் ரெஜிமெண்ட் அதிகாரி லெப்டினன்ட் அட்னான் சாய்டியைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கணீரென்ற குரலில், ஒரு சொல்கூடப் பிசகாமல், ஜப்பானியர் அவரைப் பிடித்த பிறகு என்னென்ன செய்தார்கள் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். மரத்தில் தொங்கவிட்டது, துப்பாக்கி முனைக் கத்தி, இரத்தம் என்று வரிசையாக வந்தது. மண்டபம் கைதட்டியது. நடுவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்ற விதி இருந்ததால், "அட்னான் இராணுவத்தில் சேர்வதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், அம்மா?" என்று கேட்டேன். அவள் தன் நீலப் பினோபோரின் ஓரத்தைச் சுருட்டியபடி மண்டபத்தின் பக்கவாட்டில் நின்ற ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பிள்ளை, "சண்டை போட்டாருங்க, ஐயா" என்றாள்.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குத்தான் முதல் பரிசு. அதற்கு நானும் மதிப்பெண் போட்டேன். அந்த உரையை எழுதிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் வாயில் ஒரு மனிதனுடைய சாவின் கடைசி நிமிடங்களை மட்டும் வைத்து அனுப்பியவர்கள் நாம்.

அவள் அறிந்திருக்க வேண்டிய விடை எளியது. அட்னான் ஆசிரியராக இருந்தார். உங்களையும் என்னையும் போல, கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்.

அவர் பிறந்தது 1915ஆம் ஆண்டு, காஜாங்கை அடுத்த சுங்கை ரமாலில். நம் செமினியிலிருந்து பஸ்ஸில் போனால் சற்று நேரத்தில் வந்துவிடும் ஊர் அது. அவர் சிறுவனாக இருந்த காலத்துக் காஜாங்கை நம் தாத்தாக்கள் அறிவார்கள். சுற்றிலும் பால்மரக்காடு, நாட்டின் மிகப் பழைய ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றான இஞ்ச் கென்னத் அங்கேதான் இருந்தது, விடியற்காலையில் மலையாளமும் தெலுங்கும் தமிழும் பேசியபடி பால் வெட்டுக்குப் போகிறவர்களின் விளக்குகள் வரிசையாக நகரும். அந்த ஊரில் ஒரு கம்பத்துப் பையன், அதாவது மலாய்க் கிராமத்துப் பையன், ஆங்கிலப் பள்ளியில் படித்து, நன்றாகப் படித்ததாலேயே பயிற்சி ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஓராண்டுக்கும் மேலாகப் பாடம் சொல்லிக் கொடுத்தான். அவன் விரும்பியிருந்தால் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றிருக்கலாம். காஜாங் கடைத்தெருவில் வயதான பெரியவர் ஒருவராக நம் அப்பாக்களுக்கு அறிமுகமாகியிருக்கலாம்.

1933 மார்ச் 1ஆம் நாள் போர்ட்டிக்சனில் 25 பேரைக் கொண்டு மலாய் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. மலாய் இளைஞர்களைப் பயிற்றுவித்துப் படைவீரர்களாக்க முடியுமா என்று ஆங்கிலேயர் சோதித்துப் பார்த்த படை அது. அதன் முதல் பெயரிலேயே சோதனை என்ற சொல் இருந்தது. அதே ஆண்டில் 18 வயது அட்னான் ஆசிரியர் வேலையை விட்டு அதில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சிறந்த பயிற்சி வீரராகத் தேர்வு பெற்றார். 1936இல் சார்ஜெண்ட் ஆனார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்புக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்ட வீரர்களில் அவரும் ஒருவர். பிறகு சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சி பெற்று, இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அவர் மணந்துகொண்ட பெண்ணும் ஆசிரியைதான். குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய் பாசிர் பாஞ்சாங்கில் குடிவைத்தவர், போர் நெருங்கியதும் மனைவியையும் பிள்ளைகளையும் காஜாங்குக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் தகப்பனை மறுபடியும் பார்க்கவில்லை.

எட்டாண்டு இராணுவ வாழ்க்கையில் பெரும்பகுதி பயிற்சியிலும் அணிவகுப்பிலும் பிள்ளை வளர்ப்பிலும் கழிந்தது. போர்க்களம் என்று சொல்லத்தக்கது கடைசிச் சில வாரங்கள்தாம். நம் பிள்ளைகளின் உரைகளில் மற்றதெல்லாம் ஒரே வரியில் அடங்கி, அந்தக் கடைசி நாள் மட்டும் இரண்டு பக்கம் நீள்கிறது.

கடைசி நாளைச் சொல்லவே கூடாது என்று நான் கேட்கவில்லை. அதைச் சொல்லும் முறையைப் பற்றித்தான் பேசுகிறேன். 1942 பிப்ரவரி 13ஆம் நாள் ஜப்பானியப் படையின் 18ஆம் டிவிஷன் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மலைத்தொடரைத் தாக்கியது. முதலாம் மலாயா பிரிகேடும் 44ஆம் இந்தியப் பிரிகேடும் அந்தப் பக்கத்தைக் காத்து நின்றன. மறுநாள், மலாய் ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்து 'சி' கம்பெனி, புக்கிட் சண்டு என்னும் குன்றில் நிலைகொண்டிருந்தது. அட்னான் அதில் ஏழாவது பிளட்டூனின் தலைவர். எண்ணெய்க் கிடங்கிலிருந்து எரிந்துகொண்டே ஓடிவந்த எண்ணெய், பின்வாங்கும் வழியில் கிடந்த பெரிய கால்வாயை நெருப்பாறாக மாற்றியிருந்தது. திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் நின்றுதான் அவர்கள் போரிட்டார்கள்.

இந்தக் குன்றின் பெயரைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று இடையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சண்டு என்றால் அபின். நம் தோட்டத்துக் கிழவர்களுக்கும் தெரிந்த சொல்தான். அந்தக் குன்றின் அடிவாரத்தில் காலனி அரசாங்கத்தின் அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர் அது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை திறந்து, கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தை நம்மில் பலர் வீட்டில் கேட்டிருப்போம். அதே ஆட்சி அங்கே அபினைப் பொட்டலம் கட்டி விற்றது. அந்தக் குன்றைக் காக்க ஒரு கம்பத்துப் பையன் உயிர் கொடுத்தான் என்பதைச் சொல்லும்போது, அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்வதுதான் வரலாறு.

அன்று பிற்பகல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. தலைப்பாகை கட்டி, பஞ்சாபி வீரர்களைப் போல வேடமிட்ட ஜப்பானியர் கூட்டம் ஒன்று சாலை வழியாக அணிவகுத்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் மும்மூன்று பேராக நடப்பார்கள். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக நடந்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சுட உத்தரவிட்டவர் அட்னான். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதற்கு இரத்தம் தேவையில்லை. "பெரட்டு" என்று நம் தோட்டத்தில் புழங்கும் சொல், இராணுவத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று தொடங்குங்கள். பிள்ளைகளை மூன்று மூன்றாகவும் பிறகு நான்கு நான்காகவும் பள்ளித் திடலில் நடக்க விடுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் எப்படிக் கண்ணில் படும் என்று கேளுங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஓர் ஆசிரியரின் கண் அது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய அந்த உரையைவிடப் பிள்ளைகள் அட்னானுக்கு நெருக்கமாகப் போக இது உதவும்.

அதன்பின் குன்றில் குண்டு தீரும்வரை போர் நடந்தது. குண்டு தீர்ந்ததும் கைகலப்பு. பலத்த காயம் பட்ட அட்னான் கொல்லப்பட்டார். அவருடைய உடல் மரத்தில் தொங்கவிடப்பட்டது என்பது பலரும் சொல்லிவந்துள்ள செய்தி. அது எந்த வரிசையில், எப்படி நடந்தது என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடுகிறார்கள். உறுதியானவற்றை விட்டுவிட்டு, வேறுபடும் அந்த இடத்தில்தான் நம் உரைகள் கற்பனையைச் சேர்த்துச் சேர்த்து வளர்க்கின்றன. மறுநாள், பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் சரணடைந்தது. ஒரே ஒரு நாள். 27 வயதைத் தாண்டாத அந்த மனிதருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இடையில் நின்றது அந்த ஒரு நாள்தான்.

அந்தப் போரில் மலாய் ரெஜிமெண்ட் இழந்தவர்கள் 159 பேர்: ஆங்கிலேய அதிகாரிகள் ஆறு பேர், மலாய் அதிகாரிகள் ஏழு பேர், மற்ற வீரர்கள் 146 பேர். அட்னானுக்குக் கல்லறை கிடையாது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சுவரில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றாக அவர் பெயரும் இருக்கிறது. அந்தச் சுவரில் இந்தியப் படையினரின் பெயர்களும் நெடுகக் காணப்படும்.

போரில் பட்டவனை நினைவுகூர்வதற்குத் தமிழில் ஒரு பழைய வழி இருக்கிறது என்பதை ஆசிரியர்களாகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுகல்லில் என்ன வெட்டினார்கள்? இன்ன ஊரான், இன்னாருடைய மகன், ஆநிரையை மீட்டுப் பட்டான், அவன் கல் இது. அவ்வளவுதான். அவன் உடலில் எத்தனை வெட்டு விழுந்தது, எதிரி அவனை எப்படிச் சிதைத்தான் என்று எழுதிவைப்பது வழக்கமில்லை. பெயர், ஊர், மரபு, எதைக் காக்கப் போனான் என்பது மட்டும் நின்றது. பல நூற்றாண்டுகளாகக் கல்லில் எழுதத் தெரிந்த நமக்கு, இரண்டு பக்கத் தாளில் எழுதும்போது மட்டும் ஏன் அந்த அடக்கம் தவறிப்போகிறது? சுங்கை ரமாலில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், தன் மக்களின் திறமையை ஆங்கிலேயர் ஐயப்பட்ட காலத்தில் அந்த ஐயத்தைப் போக்கியவர், புக்கிட் சண்டுவில் பட்டவர் என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் நெஞ்சில் நிற்காதா?

போட்டி முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பெற்றோர் ஒருவர் என்னிடம், "சார், நம்மாளுங்க எத்தனையோ பேரு இருக்காங்க, எதுக்கு இவரைப் பத்தியே பேசணும்?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்வி நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளிலும் இருக்கிறது என்பதை நான் அறிவேன். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பஹ்லாவான் காகா பெர்காசாவைப் பெற்றவர்களில் கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன் ஒருவர். விருது வந்தபோது அவர் உயிருடன் இல்லை. அவரைப் பற்றி நம் பிள்ளைகள் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு, அவரையும் பேச வேண்டும். அதற்காக அட்னானை விட்டுக்கொடுக்க முடியாது. அவர் நம் பக்கத்து ஊர்க்காரர். மலாய் ரெஜிமெண்டில் அன்று மலாய்க்காரர்களுக்கு மட்டுமே இடம் என்பதால் நம் தோட்டத்துப் பையன்கள் அவருடன் அணிவகுக்கவில்லை. ஆனால் அவரைக் கொன்ற அதே போர்தான் நம் வீடுகளுக்குள்ளும் வந்தது.

இதைச் சொல்ல என் அம்மாவைப் பெற்ற தாத்தாவிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் பால் வெட்டியது பிராங் புசார் தோட்டத்தில். இன்றைய புத்ராஜெயா நிற்கும் மண் அது. முதல் உலகப்போரில் பிழைத்துவந்த ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம். 'பெரும்போர்' என்று பொருள்படும் அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். பி.பி. 86 என்று தோட்டக்காரர்கள் சொல்லும் ரப்பர் இனத்தின் முதல் இரண்டு எழுத்துகள் அந்தத் தோட்டத்தின் பெயரைக் குறிப்பவை. ஒரு போரின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவை, அடுத்த பெரும்போர் வந்து சயாமுக்கு அழைத்துப்போனது. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. என் தாத்தாவும் திரும்பவில்லை.

அவருடைய பால் வெட்டும் கத்தியைப் பாட்டி ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். சிறுவயதில் நான் என் விரலை அதில் வைத்துப் பார்ப்பேன், பள்ளம் என் விரலைவிடப் பெரிதாக இருக்கும். அவர் இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் மாளய அமாவாசையன்றுதான் படையல். அவர் எப்படிச் செத்தார் என்று பாட்டி ஒருநாளும் பேசியதில்லை. எப்படி நடப்பார், சம்பளத்தன்று என்ன வாங்கிவருவார், எந்த மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்று எப்படிச் சொல்வார் என்பதைத்தான் பேசுவார். அதனால்தான் நான் பார்க்காத தாத்தாவை எனக்குத் தெரியும்.

இதைத்தான் அட்னானுக்கும் செய்யுங்கள் என்று உங்களைக் கேட்கிறேன்.

வரும் ஆண்டு சுதந்திர மாதப் போட்டிகளுக்கு உரை எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும், வீரர் ஒருவரைப் பற்றி எழுதினால், அவர் வாழ்ந்த காலத்துக்கு முக்கால் பங்கும் இறந்த நாளுக்குக் கால் பங்கும் இடம் கொடுங்கள். நடுவர்களும் அதற்கேற்ப மதிப்பெண் வழங்கும்படி விதியை மாற்றுங்கள். உடலைச் சிதைத்த வருணனைகளை ஆரம்பப்பள்ளி மேடையில் அனுமதிக்க வேண்டாம். கேள்வி நேரத்தை எடுத்துவிடாதீர்கள். மனப்பாடத்துக்கு அப்பால் பிள்ளை போயிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. கூடவே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஜப்பான்காலத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரட்டும். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். நம் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மிஞ்சியிருப்பார்கள். அவர்களின் பிள்ளைகளாகிய எங்கள் தலைமுறையும் மறக்கத் தொடங்கிவிட்டது. பிராங் புசாரிலிருந்து டிங்கிலுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் இன்னும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக நான் உடன் வருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலாய் ரெஜிமெண்ட் பிறந்த போர்ட்டிக்சனில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை ஒன்றில், நம் வட்டாரப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவோம். போகும் வழியில் சுங்கை ரமாலில் பஸ்ஸை நிறுத்தி, அட்னான் நடந்த மண்ணில் பிள்ளைகள் இறங்கிக் கால் வைக்கட்டும். ஒரு பஸ்ஸுக்கான செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன்; இரண்டாவது பஸ்ஸுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வர வேண்டும். அந்த ஐந்தாம் ஆண்டு மாணவியின் பெற்றோரிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். சுங்கை ரமாலில் பஸ் நிற்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு அட்னானைப் பற்றி எடுத்துச் சொல்வது அவள்தான். இப்போது வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். "இங்கே ஓர் ஆசிரியர் இருந்தார்" என்று தொடங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
செமினி, சிலாங்கூர்.